முதுகில் எழுதிய பெயர்

என் மகள் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோவில்பட்டியில், மூடிக்கிடக்கும் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் அவள் இன்ஸ்டலேஷன் என்று ஏதோ கலைக்காட்சி வைத்திருப்பதாக, பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் சொன்னார். அவளை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்ற ஒரே நினைப்போடு பஸ் ஏறினேன்.

பிறந்தபோது மகன் என்றுதான் என் கையில் கொடுத்தார்கள். கல்லூரியில் படிக்கும்போது, தான் பெண் என்று சொன்னாள். நான் அடிக்கவில்லை, அழவில்லை. விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் குலசாமியிடம் போனேன். பிள்ளைக்கு நோய் என்றால் மண்ணில் பிள்ளை செய்து வைப்பது எங்கள் வழக்கம். ஆண் பிள்ளையாகக் கேட்டு வாங்கினேன். நன்றாகச் சுடச் சொன்னேன். முதுகில் அவளுடைய பழைய பெயரை நானே பெயிண்டால் எழுதி, சாமி முன்னால் வைத்துவிட்டு வந்தேன். வீட்டிலும் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே இருந்தவள், ஒரு காலையில் பையோடு போய்விட்டாள்.

ஷெட் தரை முழுக்கக் கரிசல் மண்ணைக் கொட்டி, நனைத்து, காயவிட்டு வெடிக்க வைத்திருந்தாள். வெடிப்புகளில், சுடாத பச்சை மண்ணில் செய்த பிள்ளைகள் நின்றன. ஆணா பெண்ணா என்று தெரியாது. பார்க்க வருகிறவர்கள் செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினால் கரைந்து தரையோடு சேர்ந்துவிடும். சுவரில் ‘அபிஷேகம்’ என்று எழுதியிருந்தது. நடுவில் மட்டும் சுட்ட பொம்மைகள், கை உடைந்தும் மூக்கு உடைந்தும்.

முன்பு அங்கே வேலை பார்த்த ஒரு அம்மாள் அவற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என் மகளிடம் கேட்டாள்.

“ஏட்டி, சாமிக்கு வச்சதயா எடுத்தாந்திருக்க?”

“சாமி ஒண்ணும் சொல்லல அத்தை. எடம் பத்தலைன்னு பூசாரிதான் முள்ளுக்காட்டுல வீசிட்டாரு. எங்களை மாதிரித்தான்.”

“வாயப் பாரு ஒனக்கு” என்று சிரித்தபடி அந்த அம்மாள் ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினாள். பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற அந்த ‘ஏட்டி’ அவள் வாயில் அவ்வளவு லேசாக வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். முதுகு காட்டி நின்ற ஒரு பொம்மையில் என் கையெழுத்து. கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டை எழுத்து. அவளுக்கு அனா ஆவன்னா பழக்கிய எழுத்து.

செம்பை எடுத்து அதன் மேல் ஊற்றினேன். இன்னொரு முறையும் ஊற்றினேன். புழுதி போய், பெயர் பளிச்சென்று தெரிந்தது.

“அது கரையாதும்மா” என்றாள் என் பின்னால் வந்து நின்ற மகள். “சுட்டதுல்லா.”

திரும்பினேன். “வீட்டுக்கு வா” என்றேன்.

“யாரைக் கூப்பிடுத?”

பஸ்ஸில் வழி முழுக்க ‘ஏட்டி, வீட்டுக்கு வாட்டி’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடிதான் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். “ஏலே” என்று, மகனைக் கூப்பிட்ட அதே பழைய விளிதான் வந்தது.

அவள் கோபப்படவில்லை. என் கையிலிருந்த செம்பை வாங்கி, வாளியில் முக்கி, எனக்கு அடுத்து நின்றவரிடம் கொடுத்தாள்.