கொள்ளுத்தாத்தாவின் ஆயுசு

பள்ளி வேன் ஓட்டும் அவளுக்குக் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை ஓய்வு. அந்த நேரத்தில் நான்கு நாட்கள் நகராட்சி ஆவண அறையில் போய் உட்கார்ந்தாள். எல்லாம் லிஃப்ட் மெக்கானிக்கான கணவனுக்காகத்தான்.

அவன் அச்சு அசல் கொள்ளுத்தாத்தாவின் சாயல். அவரோ நாற்பது வயதில் மாரடைப்பால் போனவர் என்பது வீட்டுப் பேச்சு. "முகம் வந்த மாதிரி ஆயுசும் வந்துடப் போகுதுப்பா" என்று அத்தை எப்போதோ சொன்னது அவன் மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது. நாற்பது நெருங்க நெருங்க, இரண்டு மாடி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லியும் நம்பவில்லை.

நான்காம் நாள், ஓரம் பொடிந்த இறப்புப் பதிவேட்டில் அவர் பெயர் அகப்பட்டது. வயது நாற்பதுதான். மரணக் காரணத்தைப் படித்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னம்மா, சாவுப் பதிவப் பாத்துச் சிரிக்கிறீங்க?" என்றார் ஆவணக் காப்பாளர்.

"நீங்களே படிங்க சார்."

படித்தவர் தானும் சிரித்தபடி நகல் எடுத்துக் கொடுத்தார்.

மாலையில் கணவன் அதை உரக்கப் படித்தான்: "அண்டை வீட்டு மாமரத்தில் அனுமதியின்றி ஏறி, கிளை முறிந்து விழுந்து மரணம்."

"அடப்பாவி தாத்தா! மாங்கா திருடப் போயா செத்தாரு?"

உடனே அத்தையைப் போனில் அழைத்தான்.

"மானம் போயிடும்னு எங்கிட்டகூட மாரடைப்புன்னு மறைச்சிட்டாங்களேடா!" என்றவர், பேச முடியாமல் சிரிக்கத் தொடங்கினார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நாற்பதாவது பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் அழைத்து, அந்த நகலை அவனே வாசித்துக் காட்டினான்.