வலி கேட்டு ஜெபித்தவன்

சகோதர சகோதரிகளே, வலி தீர்ந்ததென்று இங்கே பலர் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். நான் வலி வந்ததற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். என் மனைவி பிலோமினா ஏற்கெனவே எல்லோருக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டாள்.

எழுபதுகளின் நடுவில் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பு வலிக்கு மருந்தென்று ஒரு கப்பல்காரன் வெள்ளைத் தூள் கொடுத்தான். பீடியில் தூவி இழுத்தேன். வலி போனது, கூடவே உடம்பும் போனது. கையும் காலும் யாருடையதோ போல எட்டத்தில் தெரிந்தன. நாக்கு குழறியது. நானோ பலம் வந்துவிட்டதென்று நம்பி, ஒருநாள் விளக்குக் கம்பத்தோடு மல்லுக்கு நின்றேன். கம்பம்தான் ஜெயித்தது. அப்படியும் ஒரு மாதம் விடவில்லை.

தவக்காலத்து மூன்றாம் வெள்ளி, இடது பாதத்தில் இரும்புத் தகடு விழுந்தது. கல்மண்டபம் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே போனேன்.

"இன்னாய்யா இது, கால்ல ரத்தம் ஊத்திக்கினு கீது" என்றாள் பிலோமினா.

"அது என்து இல்லமே. எவனோ உட்டுட்டுப் பூட்டான்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நரம்பு செத்திருந்தால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். வேலை போய்விடுமென்று பயந்து தூளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பிலோமினா கட்டிலருகே முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னாள். நானும் பரலோக மந்திரத்தில் சேர்ந்தேன். பாதியில் வார்த்தை வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லும் ஜெபம். அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன். "ஆண்டவரே, என் காலை எனக்குத் திருப்பிக் கொடும். வலியோடு கொடும்" என்று கேட்டேன். பிறகு டாக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னய்யா?" என்றார். ஆபரேஷனுக்கு மரத்துப்போகச் செய்ய யாரோ தயாரித்த மருந்து போலிருக்கிறது, கண் விழித்தவர்கள் பிதற்றியதால் மனிதருக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்றார். தெளியட்டும், காலையில் பார்க்கலாம் என்று கத்தியைத் தள்ளிவைத்தார்.

மறுநாள் கஞ்சி வரும் நேரம், சுண்டுவிரலில் சுருக்கென்றது. பிறகு பாதம் முழுவதும் பற்றி எரிந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரர் கஞ்சியை மடியில் கொட்டிக்கொண்டார்.

"வலிக்குதாய்யா?"

"உசுரு போவுதுமே."

"மாதாவே, நல்லா வலிக்கட்டும்" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

இரண்டு விரல்கள் போயின, பாதம் தப்பியது. பரலோக மந்திரம் முழுதாக வாயில் வரச் சில மாதங்கள் ஆயின. தூளை அதன்பின் தொடவில்லை. உங்களில் யாராவது எதையாவது ஒளித்து வைத்திருந்தால், டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். ஆண்டவரிடம் தைரியமாகக் கேளுங்கள். என்னைப் போன்ற கோமாளிக்கே காது கொடுத்தவர் அவர்.

இன்று பீடத்தின் முன் முழங்காலிட்டபோதும் இடது பாதம் வலித்தது. என்னுடையதுதான்.