பத்துக்குப் பத்து வீட்டில் பதின்மூன்று சென்டிமீட்டர்

டீச்சர்களுக்கெல்லாம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலை வந்துவிட்டது, அதனால் ஒரு வாரம் வகுப்பு இல்லை என்றார்கள். வகுப்புத்தான் இல்லை, பாடம் உண்டு. ஏழாவது படிக்கும் என் மகள் ஒரு ஜெராக்ஸ் தாளோடு வீட்டுக்கு வந்தாள். தினம் ஒரு வேலை. வீட்டை அளந்து படம் போடு. ஒரு நாளில் செலவாகும் தண்ணீரைக் கணக்குப் பார். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் தொழிலைப் பற்றிக் கேள். பின்னம் வருகிற மாதிரி ஒரு சமையல் செய். இப்படிச் செய்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழேயும் தெரிந்துகொண்டதைக் கன்னடத்தில் நாலு வரி எழுதி, திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

அந்த வாரம் நானும் வீட்டில்தான் இருந்தேன். கல்விப் பணிக்காக இல்லை. பெங்களூரிலிருந்து வரும் சாயங்கால ரயில் எங்கள் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் நிற்பதற்கு முன்பே இறங்குவது என் வழக்கம். "விழுந்துடப் போறீங்க" என்று எச்சரித்த ஒருவரிடம், "இருபது வருஷமா இறங்கறேன் சார்" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். பிளாட்பாரம் அன்றைக்கு ஒத்துழைக்கவில்லை. கணுக்காலில் கட்டு, பத்து நாள் ஓய்வு.

என் மனைவி விடிவதற்கு முன்பே ரயிலேறி பெங்களூரில் தையல் கம்பெனிக்குப் போகிறவள். "ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சொன்னது மகளைப் பார்த்து.

மகள் அந்த நோட்டுக்கு அட்டை போட்டதும் என் முன்னால் வந்து நின்றாள். "இத நீ தொடக்கூடாது."

"நான் இன்னாத்த தொடப்போறேன்? காலையே தூக்க முடியல."

"நான் கைய சொன்னேன்."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வருஷ ஆரம்பத்தில் பள்ளியில் ஒரு மாடல் செய்யச் சொன்னார்கள். நான் உட்கார்ந்து தீக்குச்சியில் ஒரு சுரங்க ஷாஃப்ட் கட்டினேன். மேலே சக்கரம், கீழே ஆட்களை இறக்கும் லிஃப்ட் மாதிரி, நூலில் ஏறி இறங்கும் குட்டி கேஜ். கேஜுக்குள் ஹெல்மெட் போட்ட ரெண்டு பேரைக்கூட வைத்தேன். அதில் மகளின் பங்கு, கோந்து பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தது. அவளுடைய கணக்கு மிஸ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உன் அப்பாவின் கை நன்றாக இருக்கிறது. உன் கை எங்கே?" என்று வகுப்பிலேயே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'அப்பா புராஜெக்ட்'. பதில் தெரிந்தாலும் அவள் கையைத் தூக்குவதில்லை. தூக்கினால், "உங்கப்பா சொல்லிக் குடுத்தாரா?" என்று யாராவது கேட்பார்களாம்.

"இந்த நோட்ட நான்தான் செஞ்சேன்னு மிஸ் நம்பணும். அவ்ளோதான்" என்றாள்.

"சத்தியமா தொடமாட்டேன்" என்றேன். அந்த நிமிஷத்தில் அது முழு உண்மை.

முதல் நாள் வீட்டை அளந்தாள். டேப் பக்கத்து வீட்டு அக்காவுடையது. அந்த அக்கா கட்டட வேலைக்குப் போகிறவர். சித்தாளாகத் தொடங்கி இப்போது மேஸ்திரிக்கே பூச்சு வேலையில் யோசனை சொல்கிற அளவுக்கு வந்தவர். எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். தங்கச் சுரங்கக் கம்பெனி காலத்தில் லைன் லைனாகக் கட்டிய வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஒரு ரூம், பத்துக்குப் பத்து. பின்னால் ஒரு சமையல் தடுப்பு. ரேஷன் கார்டைக்கூட நாங்கள் மறப்போம், பத்துக்குப் பத்தை மறக்கமாட்டோம். பெண் பார்க்கப் போன இடத்தில், "சொந்த வீடா?" என்று கேட்டபோது, "பத்துக்குப் பத்து" என்று நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னவன் நான். அவர்களும் எதிர் லைனில் பத்துக்குப் பத்திலேயே இருந்ததால் அந்தப் பதிலுக்குப் பெரிய மரியாதை கிடைக்கவில்லை.

தாளில் சென்டிமீட்டரில் எழுதச் சொல்லியிருந்தார்கள். மகள் நீளத்தை அளந்தாள், 305. அகலத்தை அளந்தாள், 292.

கட்டிலில் படுத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. "டேப்ப லூசா புடிச்சிருப்ப. நான் பொறந்த வீடு இது. பத்தடின்னா 305. ரெண்டு பக்கமும் 305."

"நான் அளந்தேன்ப்பா."

"மறுபடி அள."

மறுபடி அளந்தாள். 292. சுவரின் மேல்பக்கம் ஸ்டூல் போட்டு அளந்தாள். 292. நான் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போய் சுவரைத் தட்டிக் காட்டினேன். "இந்தச் செவுத்த ரெண்டு வாட்டி என் கையாலே பூசியிருக்கேன். எனக்குத் தெரியாதா இதோட அளவு?"

அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நோட்டில் 292 என்று எழுதினாள். அழகான, தெளிவான 292. முதல் பக்கத்திலேயே தப்பு. மிஸ் சிரிக்கப்போகிறார், பிள்ளைகள் புதுசாக வேறு பெயர் கண்டுபிடிக்கப்போகிறார்கள்.

அடுத்த நாள் தண்ணீர்க் கணக்கு. டிரம்மில் பிடித்து வைத்ததுதான் எங்களுக்கு இரண்டு மூன்று நாளைக்குத் தண்ணீர். யார் எத்தனை குவளை எடுக்கிறோம் என்று அம்மா எழுந்ததிலிருந்தே டிரம் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டாள். சாயங்காலம் பட்டியலைப் படித்துக் காட்டினாள். சமையலுக்கு இவ்வளவு, பாத்திரத்துக்கு இவ்வளவு, அம்மா குளித்தது ஒரு பக்கெட், அவள் குளித்தது ஒரு பக்கெட், நான் குளித்தது மூன்று.

"காலுக்குக் கட்டு போட்டிருக்கு, மெதுவா குளிக்க வேண்டியிருக்கு" என்றேன்.

"மெதுவா குளிச்சா நேரந்தான் ஜாஸ்தியாகும். தண்ணி எப்படி ஆகும்?"

நான் கால் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் பேட்டி. பக்கத்து வீட்டு அக்கா வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிவிட்டு வாசலில் உட்கார்ந்தார். மகள் நோட்டோடு அங்கே போனாள். நானும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"நீ வேணாம்" என்றாள்.

"நான் சும்மா கேட்டுனு இருப்பேன்."

அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "உன்னப் பத்தித்தான் கேக்கப் போகுது போல, உள்ளயே படுப்பா!"

கேலி என்று நினைத்து உள்ளே வந்து படுத்தேன். பேச்சு எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அக்கா சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குள் வந்து, கதவு நிலைப் பக்கம் குனிந்து, சுவரில் விரலை வைத்து எதையோ பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார்கள்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்லப்பா. உன் கைவேலயப் பாத்தோம்" என்றார் அக்கா.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பாராட்டாக எடுத்துக்கொள்ள முடிகிற எதையும் நான் விட்டதில்லை.

சமையல் நாளில் அவள் உப்புமா செய்தாள். அரை டம்ளர் ரவைக்கு ஒன்றேகால் டம்ளர் தண்ணீர். அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது எதற்கும் இருக்கட்டும் என்று நான் கொஞ்சம் உப்புப் போட்டேன். அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். ஆகவே அன்று எனக்கு நாலாவது பக்கெட் தண்ணீர் தேவைப்பட்டது, குடிப்பதற்கு.

உப்போடு நின்றிருக்கலாம். சனிக்கிழமை அவள் டேப்பைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனாள். நோட்டு கட்டிலில் கிடந்தது. பார்க்கத்தான் எடுத்தேன். முதல் பக்கம் திறந்ததும் அந்த 292 என் கண்ணில் முள்ளாகக் குத்தியது. பென்சிலில்தான் எழுதியிருந்தாள். ரப்பரும் பக்கத்திலேயே இருந்தது. இவ்வளவு வசதி செய்து வைத்துவிட்டு என்னைத் தொடாதே என்றால் எப்படி?

அழித்தேன். அவள் கையெழுத்து மாதிரியே, அஞ்சுக்குக் கொஞ்சம் தொப்பை வைத்து, 305 என்று எழுதினேன். படத்திலும் மாற்றினேன். போனில் பெருக்கிப் பார்த்துப் பரப்பளவையும் சரிசெய்தேன். படத்தின் கீழே கன்னடத்தில் நாலு வரி இருந்தது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கன்னடம் பேசுவேன், பேரம் பேசுவேன், ரயிலில் சீட்டுக்குச் சண்டை போடுவேன். படிக்கத்தான் வராது. எழுத்து வரிசையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. நல்லதாக ஏதோ எழுதியிருக்கிறாள் என்று திருப்தியோடு நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே அதே கோணத்தில் வைத்தேன்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போனாள். பதினோரு மணிக்கு மிஸ்ஸிடமிருந்து போன். கொஞ்சம் வந்துவிட்டுப் போக முடியுமா என்றார். நான் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். பாராட்டுவதற்கு அப்பாவைக் கூப்பிடுவது வழக்கம்தானே. ஆட்டோவில் போகும்போது, "எல்லாம் அவளேதான் மிஸ்" என்று எவ்வளவு அடக்கமாகச் சொல்வது என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வகுப்பறை வாசலில் மிஸ் நின்றிருந்தார். பக்கத்தில் என் மகள். அவள் முகத்தைப் பார்த்ததும் மூன்று விதமும் மறந்துபோயிற்று.

மிஸ் பேசியது கன்னடத்தில். நான் எனக்கு வந்த தமிழில் சொல்கிறேன். "உங்கள் லைனிலிருந்து ஆறு பிள்ளைகள். ஆறு நோட்டிலும் 305க்கு 305. வீட்டை யாருமே அளக்கவில்லை, அப்பாவைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த நோட்டில் மட்டும் மேலே 305 என்று இருக்கிறது, கீழே வீட்டின் அகலம் குறைகிறது என்று எழுதியிருக்கிறது. கேட்டால் 292 என்றுதான் எழுதினேன் என்கிறாள். அப்படியானால் யார் மாற்றியது என்றால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள்."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான்தான் மிஸ்" என்றேன். "ரப்பர் பக்கத்துல இருந்துச்சு." இது சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

மிஸ் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளையைக் காப்பாற்ற இந்தப் பழியையும் நீங்களே ஏற்றுக்கொள்கிறீர்களோ? கீழே இருக்கிற நாலு வரியும் உங்கள் வேலையாக இருந்தால்?"

மகளின் தலை இன்னும் குனிந்தது. அந்த வாரம் முழுக்க அவள் ஒரே ஒன்றுதான் கேட்டிருந்தாள், மிஸ் நம்ப வேண்டும் என்று. நம்பக்கூடிய நோட்டை நான் நம்ப முடியாத நோட்டாக ஆக்கி வைத்திருந்தேன்.

"எனக்குக் கன்னடம் படிக்கவே தெரியாது மிஸ்" என்றேன். வாழ்க்கையில் அதுவரை இதை இவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

மிஸ் நோட்டை நீட்டினார். "படிங்க."

வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தேன், தூரத்தில் வைத்தேன். பஸ் போர்டில் ஊர்ப் பெயர் கண்டுபிடித்த பழக்கத்தில் ஒரு வார்த்தை கிடைத்தது. "மனெ" என்றேன். வீடு. அதற்கு மேல் எல்லாம் ஜிலேபி. வகுப்புக்குள்ளிருந்து முப்பது தலைகள் எட்டிப் பார்த்தன. நான் வியர்த்துக்கொண்டு அடுத்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பதைப் பார்த்து மிஸ்ஸின் உதடு கொஞ்சம் இளகியது.

"போதும், குடுங்க" என்று வாங்கி மகளிடம் கொடுத்தார். "நீ படி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி."

அவள் வகுப்புக்கு முன்னால் போய் நின்று படித்தாள். "எங்கள் வீடு பத்துக்குப் பத்து என்று எல்லாரும் சொல்வார்கள். நான் மூன்று முறை அளந்தேன். அகலத்தில் பதின்மூன்று சென்டிமீட்டர் குறைகிறது. புதிதாகப் பூசும் முன் பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். என் அப்பா கொத்தாமல் இரண்டு பக்கச் சுவரிலும் இரண்டு முறை பூசியிருக்கிறார். எங்கள் வீடு சிறியதாகிக்கொண்டே வருவதற்கு என் அப்பாதான் காரணம்."

வகுப்பு இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. வாசலில் ஒற்றைக் காலில் நின்ற நானும் சிரித்தேன். மற்ற ஐந்து லைன் பிள்ளைகளும் சிரித்தார்கள், பிறகு தங்கள் 305ஐ நினைத்தோ என்னவோ சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை எந்த அப்பாவும் எழுதித் தரமாட்டார்" என்று சொல்லி மகளிடம் பென்சிலைக் கொடுத்தார். அவள் அங்கேயே என் 305ஐ அழித்துவிட்டு 292 எழுதினாள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், அவங்க அப்பா பூசிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?"

"நல்ல கேள்வி" என்றார் மிஸ். "ரூம் முழுக்க அடைந்துபோக இன்னும் எத்தனை முறை பூச வேண்டும்? யார் போடுகிறீர்கள்?"

என் மகள் கையைத் தூக்கினாள். கரும்பலகைக்குப் போனாள். ஒரு முறை பூசினால் ஆறரை சென்டிமீட்டர் போகிறது, மீதி இருப்பது 292 என்று எழுதி வகுக்கத் தொடங்கினாள். எனக்கு நாற்பது என்று தோன்றியது. நாற்பதேதான், சந்தேகமே இல்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பாமல் வகுத்து முடித்து, கிட்டத்தட்ட நாற்பத்தைந்து என்று எழுதினாள்.