பக்தர் எண் பதினாலு

என் அக்காவுக்கும் எனக்கும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பேருக்குமே கடவுள் நம்பிக்கை கிடையாது. அப்படிப்பட்டவள் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பது ஒரு மதச் சபை நடத்தும் இல்லத்தில். எழுந்து நடக்க முடியாத முப்பத்தெட்டுப் பேர் அங்கே படுக்கையில் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முழங்காலை மடக்கி, ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் வைத்து அவள் ஒரு 'ம்' போட்டால் ஆள் திரும்பியாகிவிடும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. அவள் சேர்ந்த பிறகு அங்கே யாருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குத் தலைகால் புரியாது.

சபைக்கு நன்கொடை வற்றிப்போய், மாதக் கடைசியில் இல்லத்தை மூடுவதாகப் பேச்சு அடிபட்டது. நகர மன்றத்திடம் உதவி கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வரி கட்டுவது பள்ளிக்கூடத்துக்கும் சாக்கடைக்கும், யாரோ சாமி கும்பிடுவதற்கா? எங்கள் தெருவின் சார்பில் எதிர்ப்பு மனு எழுதிக் கொடுத்தவன் சாட்சாத் நான்தான். அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சண்டையே தேவலை என்றிருந்தது.

மனுவுக்கு ஆதாரத்தையும் அவர்களே கொடுத்திருந்தார்கள். அந்தச் சபையில் வாசல்படி தாண்டி உள்ளே வருகிற எல்லாருமே 'பக்தர்'தான். பால் போடுகிறவர்கூடப் பதிவேட்டில் பக்தர். இல்லத்துச் செயலர், பாவம், வெள்ளந்தி மனுஷன், மன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையையும் அதே பழக்கத்தில் எழுதிவிட்டார்: "முப்பத்தெட்டு பக்தர்கள் குளிப்பாட்டப்பட்டனர். பக்தர்கள் மூவருக்கு முடி வெட்டப்பட்டது. பக்தர் எண் பதினாலுக்கு வயிற்றுப்போக்கு."

விசாரணை நாளன்று மன்றத்தின் சுகாதார உறுப்பினரான ஒரு டாக்டரம்மா, பக்தர்களுக்கு மட்டும்தான் இந்தச் சேவையா என்று கேட்டார். செயலர் எழுந்து, எங்களிடம் வருகிற அத்தனை பேரும் பக்தர்கள்தான் என்று பெருமையாகச் சொன்னார். போச்சுடா, காரியம் கெட்டது என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் அக்கா பின்வரிசையிலிருந்து ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அதில் ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன தையல்காரர் ஒருவர். இவரிடமே கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"நான் சாமி கும்பிடறதில்லம்மா," என்றார் தையல்காரர். "வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். பிரார்த்தனை மணி அடிச்சா இந்தம்மா என்னை ஜன்னல் பக்கம் தள்ளிட்டுப் போயி பேப்பர் படிச்சுக் காட்டும். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. பக்தர் எண் பதினாலு நான்தான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. இறங்கி வந்து, தரையில் மண்டியிட்டு, அவருடைய காலுறையைக் கழற்றிக் குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார் என்று கேட்டார். நாலு வருஷம் என்றாள் அக்கா.

"எங்க ஆஸ்பத்திரியில இப்படிப் புண்ணே இல்லாத ஒரு குதிகாலை நான் பார்த்ததே இல்ல," என்றார் டாக்டரம்மா.

மனுதாரர் என்ன சொல்கிறார் என்று தலைவர் என் பக்கம் திரும்பினார். அந்தக் குதிகாலை நானும்தான் பார்த்தேன். ஆனாலும் நான் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லையே. யார் வந்தாலும் சேர்க்க வேண்டும், பிரார்த்தனைக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, மன்றத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாம், இதை எழுத்தில் கொடுத்தால் மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். எங்களை நம்பவில்லையா என்று செயலரின் முகம் சுண்டிப்போனது.

"எழுதிக் குடுங்க ஐயா," என்றாள் அக்கா. "நாம செய்யாத எதையும் அவன் கேக்கல."

அவர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாக்கெடுப்பில் ஒன்பது உறுப்பினர்களும் கையைத் தூக்கினார்கள். தையல்காரரும் நல்ல கையைத் தூக்கினார். அவருக்கு ஓட்டு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் இனி அவரவர் கட்டிலிலேயே இருக்கலாம்.

அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதாள். என்னை எதிர்த்து நின்றுதான் ஜெயித்தாள். ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரின் தோளைத் தட்டினேன்.

"அது எங்கக்கா," என்றேன்.