வலது கன்னத்து மச்சம்

ஒரு பெண்ணின் நினைவை நான் பொய்யாக்கினேன். தெரிந்தே செய்தேன். நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் எடை போட்டுக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் ஜாலான் புசார் கடைத்தெருவில் எனக்கொரு புகைப்படக் கடை இருந்தது. பத்திரிகைக்குப் படமெடுப்பவனுக்கு நெகடிவ் மறுநாள் காலைவரை போதும். கல்யாணப் படக்காரனுக்கு ஆல்பம் கைமாறும்வரை. பாஸ்போர்ட் படம் எடுக்கும் என்னைப் போன்றவன்தான் வருடக்கணக்கில் காக்க வேண்டும். அந்த முகம் செத்துப்போனால், பெரிதாக்கித் தரச் சொல்லி வீட்டார் வந்து நிற்பார்கள். பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்திருந்தேன்.

ஸ்டெல்லா அக்காவும் அப்படித்தான் வந்தார், இடுப்பில் கைக்குழந்தையோடு. கணவர் லாரி ஓட்டியவர். மாரடைப்பு. முப்பதாம் நாள் பூசைக்குப் படம் வேண்டும் என்றார்.

நெகடிவில் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். அச்சிடும்போது மங்கிய பக்கம் தாளைப் பார்க்க வேண்டும். அன்று கல்யாண வேலை தலைக்குமேல் கிடந்தது. அவசரத்தில் புரட்டி வைத்துவிட்டேன். இடம் வலமாயிற்று.

படத்தை வாங்கியவர் வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, மச்சம் இந்தப் பக்கம் இல்லையே. இடது கன்னத்துலதானே இருந்துச்சு.”

எட்டிப் பார்த்தேன். படத்தில் அவர் கணவரின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் கடையில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஆல்பம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்க எதிர்ல நின்னு பார்த்த முகம்கா. அதான் பக்கம் மாறித் தெரியுது. எல்லாருக்கும் அப்படித்தான் தோணும் லா.”

கேமராவும் எதிரில் நின்றுதானே பார்த்தது! அது அவருக்குத் தோன்றவில்லை. தினமும் பக்கத்தில் படுத்து எழுந்த முகத்தை விட்டுவிட்டு, என் வார்த்தையை நம்பினார்.

“எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு போல,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கும்பிட்டுவிட்டுப் போனாரே, ஐயோ!

மறுநாளே சரியாக அச்சிட்டுக் கொடுக்கலாம் என்றிருந்தேன். மறுநாள், மறுவாரம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு மழைக்காலத்தில் டின்னுக்குள் ஈரம் புகுந்து, நெகடிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடித்துவிட்டன. அப்பாடா என்றிருந்தது எனக்கு. பார்த்தீர்களா என் யோக்கியதையை? அக்காவிடம் இருந்த படத்தையே வாங்கி மறுபடி படமெடுத்துத் திருப்பியிருக்கலாம். வழி இருந்தது... வாய்தான் வரவில்லை.

எண்பதுகளில், அன்று இடுப்பில் இருந்த மகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் படமெடுக்க அக்கா என்னையே கூப்பிட்டார். புக்கிட் மேராவில் வீடு. சுவரில் அவர் கணவர், கீழே சிறு சிவப்பு விளக்கு.

“அப்பாவுக்கு வலது கன்னத்துல மச்சம், பார்த்தியா?” என்று மகளிடம் காட்டினார். “அம்மா இடதுன்னு சண்டை போட்டேன். இந்த அங்கிள்தான் புரிய வெச்சாரு.”

“எனக்கு அப்பாவை இந்தப் படத்துலதான் தெரியும் அங்கிள்,” என்றாள் சிறுமி.

இருவரையும் அதன்கீழ் நிற்க வைத்து எடுத்தேன். அச்சிடுமுன் நெகடிவை வெளிச்சத்தில் சாய்த்து, மங்கிய பக்கம் எதுவென்று மறுபடி மறுபடி பார்த்துத்தான் வைத்தேன். பிழையே இல்லை. தாயும் மகளும் சரியாக இருந்தார்கள். பின்னால் சுவரில் அவர் மட்டும் இடம் வலமாகவே இருந்தார்.

அந்தப் படத்தையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.