அட்டையில் இருந்த இரண்டாவது தாள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்று காட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். வடக்கே, தண்ணீர்த் தொட்டியின் மேல் என் அக்கா வீட்டுக்காரர். கிழக்கே, வேனுக்குள் டிரைவர். பேசும்போதே வாயைப் பிளப்பதால் அவருக்குக் ‘கொட்டாவி’ என்று பெயர். மேற்கே, இடிந்த சுவரின் மேல் நான். நான்காவது ஆள் கிடையாது.

நாங்கள் தேடியது ஒரு சின்ன ஆந்தையை. ஒரு கைக்குள் அடங்கிவிடும். இந்தப் பக்கத்துக் காடுகளை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. சாலை போட இந்தக் காட்டை வெட்டப்போகிறார்கள். ஆந்தை இருப்பதாக இரண்டு பேரின் குறிப்பு ஒரே நிமிடத்தில் ஒத்துப்போனால் வெட்டு நிற்கும். ஒருவர் குறிப்பு செல்லாது. ஆறு மாலை வீணாகிவிட்டது. ஏழாவதுதான் கடைசி, மறுநாள் மேலிடத்துக்குத் தபாலில் சேர்த்தாக வேண்டும்.

வேலை இதுதான். ஆளுக்கு ஓர் இடம், தாள் செருகிய ஓர் அட்டை, ஒரு பென்சில். பேசக் கூடாது. ஆந்தையைப் பார்த்தாலோ கேட்டாலோ மணியும் திசையும் குறிக்க வேண்டும். முடிந்ததும் மச்சான்தான் ஆளுக்கொரு விசில் ஊதுவார். தன் விசில் வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அன்றைய குறிப்பு அத்தனையும் தள்ளுபடி.

“இன்னைக்காவது வருமா மச்சான்?”

“வரலைன்னா நானே மரத்துல ஏறிக் கத்துறேன்.”

“நீங்க கத்துனா இருக்கிற காக்காவும் ஓடிரும் சார்,” என்றார் கொட்டாவி.

சிரிக்கக்கூட எங்களுக்குத் தெம்பில்லை.

மாலை 6.20. உட்கார்ந்தேன். ஏழு நாள் உட்கார்ந்த இடுப்பு, விண் விண் என்று தெறித்தது. கண் சொருகியது.

6.41. எதிர்க் கிளையில் ஏதோ அசைந்தது. அதேதான்! பழுப்பு உடம்பு. வெள்ளைப் புள்ளிகள். மஞ்சள் கண். ‘கிர்ர்... கிச்... கிச்...’ எழுதினேன்: 6.41, கிழக்கு.

அந்த ஆந்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆளைக் கண்டால், அந்த ஆளையே பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும். ஆட்டியது.

என்னைப் பார்த்து அல்ல. எனக்கு இடது பக்கம் பார்த்து.

பிறகு என்னைப் பார்த்து ஆட்டியது. மறுபடி இடது பக்கம்...

6.44. சர்... சர்... தாளில் பென்சில் ஓடும் சத்தம்.

என் பென்சில் என் காதில் இருந்தது.

திரும்பவில்லை. திரும்பினால் ஆந்தை பறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

6.52. பக்கத்தில் ஒரு பெருமூச்சு. அலுத்துப்போன மூச்சு.

7.00. முதல் விசில், கொட்டாவிக்கு.

இரண்டாவது, எனக்கு. எழுந்தேன்.

சட்டை நுனியை யாரோ பிடித்தார்கள்.

இழுக்கவில்லை. ஏதோ கேட்பதுபோல... பிடித்திருந்தார்கள்.

ஓடினேன்.

வேனில் விளக்கைப் போட்டுப் பார்த்தோம். மச்சானின் தாள் வெறுமை. கொட்டாவி தூங்கியே போயிருந்தார்.

“உன் ஒருத்தன் குறிப்பு போதாதே மாப்ளே,” என்று மச்சான் என் அட்டையிலிருந்து தாளை உருவினார். அதற்கடியில் இன்னொரு தாள். பழுப்பேறியது. அன்றைய தேதி. முத்து முத்தான எழுத்து.

‘6.41, கிழக்கு.’

கீழே இன்னொரு வரி. ‘7.00. விசில் இரண்டு. எனக்கு இல்லை.’

வீடு போய்ச் சேரும்வரை கொட்டாவிக்குக் கொட்டாவிகூட வரவில்லை.

மறுநாள் காலை 10.30. குறிப்போடு அனுப்பும் படிவம் வாங்க வனத்துறை அலுவலகம் போனோம். பழைய குமாஸ்தா அந்தத் தாளை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இது... அந்த அம்மா எழுத்தாச்சே. எங்க கிடைச்சுது?”

பதினொரு வருடத்துக்கு முன், இதே ஆந்தைக்கு ஒரு கணக்கெடுப்பு. அன்று பெருமழை. குழுத் தலைவர் அவசரத்தில் ஒரு விசிலை ஊதாமல் விட்டுவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது. விடிந்த பிறகுதான் ஆள் குறைவது தெரிந்தது. போய்ப் பார்த்தபோது மேற்குச் சுவரின் மேல், மடியில் அட்டையோடு, அந்த அம்மா உட்கார்ந்தபடியே விறைத்திருந்தாராம்.

“எழுந்து வந்திருக்கலாமே?” என்றேன்.

“விசில் வரலையே சார்.”

வெளியே வந்ததும் மச்சான் கேட்டார்: “அந்தத் தாளையும் அனுப்பலாமா?”

“அதுல எழுதினது பொய்யா மச்சான்?”

அவர் சட்டைப் பையிலிருந்த விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “சாயங்காலம் காட்டுக்கு ஒருதரம் போயிட்டு வந்துரலாம். நீயும் வரணும்.”

படிவத்தில் ‘இரண்டாவது சாட்சி’ என்ற கட்டத்தில், குமாஸ்தா சொன்ன பெயரை எழுதினேன். இரண்டு தாளையும் ஒன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். பசை தடவி, ஓரம் பிரியாமல் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தேன். மதியம் 3.40க்குத் தபால் பெட்டியில் போட்டேன்.