காலி வீட்டில் தூங்கிய பால்ராஜ்

யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்வதில் பால்ராஜுக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் நிரந்தர நைட் ஷிஃப்ட். சாயங்காலம் லிங்கராஜபுரம் மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால், மறுநாள் காலையில்தான் இறங்குவார். மாடிப்படிக்குக் கீழே இருந்த தன் ஒற்றை அறை வீட்டுக்குள் பூனை மாதிரி நுழைவார். கெட்டித் திரையை இழுத்து மூடுவார். காதில் பஞ்சு. காலிங் பெல் ஒயரைக் குடிவந்த வாரமே பிடுங்கிவிட்டார். சனிக்கிழமை ஆனால் ரயிலேறி கோலார் தங்கவயலுக்கு, மனைவி ஆஷாவிடம் போய்விடுவார்.

அவருடைய அப்பா சுரங்கத்தில் இருந்தவர். பகல் முழுக்க பூமிக்கடியில் இருந்த மனுஷனின் பிள்ளைக்குப் பகலில் தூங்குவது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் மஸ்கட்டில். வாடகை போனிலேயே போய்விடும். மேல் வீட்டில் ஜகதாம்பாள் என்ற அம்மாள் இருக்கிறார் என்பது பால்ராஜுக்குத் தெரியும். அவருடைய மிக்ஸி சத்தம் பஞ்சைத் தாண்டியும் கேட்கும். ஆனால் முகம் பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜன்னலை யாரோ தட்டு தட்டென்று தட்டினார்கள். பால்ராஜ் லுங்கியை இறுக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். வெளியே ஒரு இளம் ஜோடி. பின்னால், அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மாள். மூன்று பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"யாரு நீங்க? உள்ள எப்படி வந்தீங்க?" என்றார் அந்த அம்மாள்.

"என் வீடும்மா. நீங்க யாரு?"

"நான் மாடியில இருக்கேன். ஜகதாம்பாள். இந்த வீடு காலியாச்சே!"

பையன் கூச்சத்தோடு குறுக்கிட்டான். "ஸாரி சார். நான் ஸ்ரீஹர்ஷா, இவங்க என் அத்தை. நாங்க வீடு தேடிட்டிருக்கோம். கீழ் வீடு காலின்னு அத்தைதான் சொன்னாங்க."

"நான் மட்டும் சொல்லலைடா. சென்சஸ் கணக்கெடுக்க வந்த டீச்சரே காலின்னுதானே போட்டுண்டு போனா" என்றார் ஜகதாம்பாள். சொன்ன பிறகுதான் அந்த டீச்சரிடம் அப்படிச் சொன்னதே தான்தான் என்பது அவருக்கு உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. "மூணு தடவை வந்து தட்டினா. யாரும் திறக்கலை. என்னண்ட கேட்டா. ஒரு சத்தம் கூட கேட்டதில்லைன்னு சொன்னேன். நிஜமாவே கேட்டதில்லை."

பால்ராஜுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. கதவைச் சாத்திவிட்டுப் படுத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று வருஷம் நல்ல மனுஷனாக இருந்தோம் என்று நினைத்தோம். கடைசியில் ஆளே இல்லாமல்தான் இருந்திருக்கிறோம். அன்றைக்கு அவருக்குத் தூக்கம் திரும்பி வரவில்லை. போனில் ஆஷாவிடம் சொன்னபோது அவள் மூச்சு வாங்கச் சிரித்தாள். "அப்போ சனிக்கிழமை வர்றது யாரு, பேயா?" என்றாள்.

ஜகதாம்பாள் சும்மா இருக்கவில்லை. டீச்சரின் நம்பரை வாங்கி வைத்திருந்தார், உடனே கூப்பிட்டார். சம்பூர்ணம் டீச்சர் பக்கத்து அரசுப் பள்ளியில் வேலை செய்கிறவர். வீட்டுக் கணக்கெடுப்புக்காக அந்தத் தெருக்களை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

"பூட்டிய வீடுன்னா மறுபடி மறுபடி போகணும்மா. அக்கம்பக்கத்துல யாரும் இல்லைன்னு சொல்லிட்டா, காலின்னு போட்டு ஆப்ல ஏத்திடுவோம். அதை சூப்பர்வைசர் பார்த்து மேல அனுப்பிடுவார்" என்றார் டீச்சர்.

"அந்த ஆள் கொட்டாவி விட்டுண்டு என் முன்னாடி நின்னார். மாத்துங்கோ."

சூப்பர்வைசர் முனிராஜ் முதலில் பெருமூச்சு விட்டார். வார்டின் காலி வீட்டுக் கணக்கு ஏற்கெனவே மேலே போயிருந்தது. அந்த எண்ணிக்கை ஏன் இவ்வளவு அதிகம் என்று மேலேயிருந்து கேள்வியும் வந்திருந்தது. "ஆள் நேர்ல இருந்தா ரெகார்டைத் திறந்து கொடுக்கறேன். போய்ப் பாருங்க டீச்சர்" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தார். பால்ராஜ் சட்டை போட்டு, தலை வாரி, ஒரே நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். சுவர் என்ன, கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து, கேஸ் உண்டா என்று கேள்விகள் நீண்டன. பெரும்பாலும் என்ன தானியம் சாப்பிடுகிறீர்கள் என்றதற்கு, "இங்க கேன்டீன் சோறு மேடம். அங்க ஆஷா கையால ராகிக் களி. எதை எழுதுவீங்க?" என்றார். டீச்சர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். அதற்குள் ஜகதாம்பாள் காபியோடு இறங்கி வந்து, தன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பால்ராஜ் மணியைப் பார்த்துப் பதறினார். "பஸ் போயிடும் மேடம்."

"என்னாலதானே லேட்டு. வண்டியில ஏறுங்க அண்ணா" என்றார் டீச்சர்.

ஸ்கூட்டரில் மெயின் ரோட்டுக்கு வந்தபோது பஸ் இன்னும் வரவில்லை. நிறுத்தத்தில் டிபன் பையோடு பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். டீச்சர் அவர்களை உற்றுப் பார்த்தார். இந்தத் தெருக்களில் வாரக்கணக்காகச் சுற்றியும், இவர்களில் ஒரு முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

"இவங்கல்லாம் எங்க இருக்காங்க?"

"இந்தப் பக்கம்தான் மேடம். எல்லாம் நைட்டு."

முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டார். எலிசபெத் என்று பெயர் சொன்னாள், பேக்கிங் வேலை. "மூணாவது கிராஸ், பச்சை கேட்டு வீடு."

"பச்சை கேட்டா? அங்க மாமரம் இருக்குமே? அதைக் காலின்னு போட்டேனே."

எலிசபெத் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினாள். "கேட்டியாடி, நாம காலியாம்." வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. பின்னாலிருந்து தாஸ் என்ற ஆள் கையைத் தூக்கினார். "கோயில் சந்து, ஷீட் போட்ட வீடு. நாங்க மூணு பேரு. எங்களையும் செத்துப்போனவங்க கணக்குல சேர்த்துட்டீங்களா?"

டீச்சர் போனை எடுத்தார். நின்ற இடத்திலேயே தெருவையும் கேட்டையும் ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பஸ் வந்து ஹாரன் அடித்தது. "இருப்பா, இவங்கல்லாம் உயிரோட இருக்காங்களான்னு பார்த்துட்டு அனுப்பறேன்" என்றார். டிரைவரும் இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்.

முனிராஜ் இந்தத் தடவை பெருமூச்சு விடவில்லை. எண்ணிக்கை ஏன் அதிகம் என்ற கேள்விக்கு அவருக்கு இப்போது ஒரு பதில் கிடைத்திருந்தது. காலி என்று எழுதிய வீடுகளுக்கெல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இன்னொரு முறை போகச் சொன்னார். பாதிக்குப் பாதி வீடுகளில் கொட்டாவியோடு கதவு திறந்தது. மீதி வீடுகளில் சிலந்திவலைதான். அவை நிஜமாகவே காலி. திருத்திய கணக்கு மேலே போனது.

பால்ராஜின் பாடுதான் கொஞ்சம் திண்டாட்டம். ஜகதாம்பாள் பகலில் மிக்ஸி போடுவதை நிறுத்திவிட்டார். டிவி சத்தத்தைக் குறைத்தார். சந்தில் கத்தும் காய்கறிக்காரனை, "இங்க ஒருத்தர் தூங்கறார்" என்று விரட்டினார். இத்தனை அமைதியில் பால்ராஜுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கடைசியில் மாடி ஏறிப் போய், "அம்மா, மிக்ஸியைப் போடுங்க. அது ஓடினாதான் எனக்குக் கண்ணு சொக்கும்" என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் தங்கவயலுக்குப் போகவில்லை. ஆஷா இங்கே வந்தாள். வந்த அரை மணி நேரத்தில் அவளும் ஜகதாம்பாளும் மாடியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். கீழே படுத்திருந்த பால்ராஜுக்கு இருவர் சிரிப்பும் கேட்டது. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று புரிந்தது. புரண்டு படுத்து, நிம்மதியாகத் தூங்கிப்போனார்.